யூதர்களுக்காகப் போட்ட தீர்மானம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கரன்கோவிலில் யூதர்களை முன்னிட்டு ஒரு கலவரம் நடக்க இருந்தது. அந்த ஊரில் அன்றைக்கு ஒரு யூதர்கூடக் கிடையாது. அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை. கலவரத்துக்கு அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. அந்த மத்தியானம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

நம் செய்தி விளம்பரத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நன்றாக நடந்த காட்சிகளைப் பற்றி எழுதலாம்தான். நன்றாக நடந்த காட்சி என்றால் சனங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள் என்று அர்த்தம். அதில் எழுத ஒன்றும் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் காலத்து வேலை உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு ஜீப், ஒரு புரொஜெக்டர், சுருட்டி வைத்த திரை, ஒலிபெருக்கி. ஊர் ஊராகப் போய்ப் படம் காட்ட வேண்டும். படங்கள் பெரும்பாலும் இங்கிலீஷிலோ இந்தியிலோ இருக்கும். படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் நின்று நான் மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும். உரம், குடும்பக் கட்டுப்பாடு, அம்மைத் தடுப்பு எதுவானாலும் என் குரல்தான். ஒரே குரலில் பூச்சிமருந்தும் பேசும், பிரதம மந்திரியும் பேசுவார்.

என்னை வேலையில் பழக்கிய அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் பெயரை எழுதினால் இப்போதும் எங்கிருந்தாவது திட்டுவார் என்று பயமாக இருப்பதால் விட்டுவிடுகிறேன். திருவேங்கடம் பக்கம் கரிசல்காட்டு விவசாயிகளுக்குக் கிணறு ஆழப்படுத்துவது பற்றிய படத்தை ஒருமுறை காட்டினோம். அரை மணி நேரம் தொண்டை வறள விளக்கினேன். முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, படத்தில் தண்ணீர் இறைக்கக் கமலை இழுத்த மாட்டுக்கு வலது கொம்பு ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்று கேட்டார். அதன்பின் கூட்டம் முழுவதும் கொம்பைப் பற்றியே பேசிக் கலைந்தது. நான் முகம் செத்துப்போய் நின்றேன். அதிகாரி மூக்குப்பொடியை உதறிவிட்டுச் சொன்னார்: "நீ ஒரு படம் போடுதே. அவங்க ஆளாளுக்கு ஒரு படம் பாக்காங்க. எதைப் பாக்காங்கன்னு தெரியாம மைக்கைத் தொறக்காதே."

இன்னொன்றும் சொன்னார். புரொஜெக்டர் பல்பு கொதிக்கிற சூட்டில் இருக்கும். படத்தை நிறுத்தினாலும் உள்விசிறியை நிறுத்தக் கூடாது, பல்பு ஆறும்வரை மிஷினை அசைக்கவே கூடாது. "கலாட்டான்னு வந்தா அள்ளிக்கிட்டு ஓடாதே. பல்பை ஆறவிடு. அதுக்குள்ள ஊரும் பாதி ஆறிரும்." முதல் அறிவுரையை நான் சங்கரன்கோவிலில் மறந்தேன். இரண்டாவது என்னைக் காப்பாற்றியது.

சங்கரன்கோவிலில் அப்போது ஒரு திரைப்படக் கழகம் இருந்தது. வங்கி ஊழியர்கள், வாத்தியார்கள், ஒரு ஹோமியோபதி டாக்டர் என்று கொஞ்சம் பேர். செயலாளர் சுப்பையா, வங்கியில் காசாளர். வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு எழுதிப் போட்டால் படச்சுருள்களை இலவசமாக ரயிலில் அனுப்பிவைப்பார்கள். காட்டுவதற்குக் கருவி வேண்டுமே, அதற்காக எங்கள் அலுவலகத்துக்கு மனுப் போடுவார்கள். நான் புரொஜெக்டரோடு போவேன்.

அந்த மாதம் வந்தது பழங்கால யூதர்களைப் பற்றிய ஒரு விவரணப்படம். மூன்று ரீல். பாபிலோன் ராஜா எருசலேமை இடித்து, யூத சனங்களை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு போனான், நாடு வெறும் நாடாகக் கிடந்தது, பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் வரலாறு. இந்தப் படத்தில் ஒரு பேராசிரியர் பைப் புகைத்தபடி இடிபாடுகளுக்குள் நடந்து, அது அப்படியே நடந்திருக்குமா என்று கேட்கிறார். பெரிய மனிதர்களையும் கைத்தொழில்காரர்களையும்தான் பிடித்துப் போயிருப்பார்கள், பெரும்பாலான ஏழை சனங்கள் ஊரிலேயேதான் இருந்திருப்பார்கள் என்கிறார். தாடிவைத்த இன்னொரு பெரியவர் அதை மறுத்துக் கோபப்படுகிறார். இந்தப் படத்துக்கு வெளிநாடுகளில் பெரிய எதிர்ப்பு என்று சுப்பையா சொன்னார். சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

காட்டுவதற்கு முன் படத்தைத் தனியாக ஒரு தடவை பார்த்துவிடுவது என் வழக்கம். சனிக்கிழமை பள்ளிக்கூட ஆய்வகத்தில் சுவரில் ஓட்டிப் பார்த்தோம். வரலாறு புரிவதற்காக உடன் வந்தவர் கோமதி டீச்சர். உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் எடுப்பவர், முப்பதை நெருங்கியவர், கழகத்தின் ஒரே பெண் உறுப்பினர். படம் முடிந்ததும் அவர்தான் சொன்னார்:

"சார், பாபிலோன்னு ஆரம்பிச்சா இங்கன ஒருத்தருக்கும் ஒட்டாது. நாங்க ஊரை விட்டுக் கிளம்பி வந்த கதையைச் சொல்லித் தொடங்குங்க. நாளைக்கு மண்டபத்துல முக்காவாசிப் பேரு எங்காளுகதான்."

அவர் சொன்ன கதை இது. சங்கரன்கோவிலின் விசைத்தறிக்காரர்களில் ஒரு சமுதாயம் அவருடையது. முன்னொரு காலத்தில் வேறொரு ஊரில் இருந்தார்கள். அந்தப் பக்கத்து ராஜா இவர்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்டான். கொடுக்க மனமில்லாமல், தறியில் பாதி நெய்த துணி பாதியிலேயே நிற்க, ஒரு குஞ்சு குளுவான்கூட மிச்சமில்லாமல் எல்லோரும் கிளம்பி வந்துவிட்டார்கள். இன்றைக்கும் ஆடியில் ஒருநாள் ஓடுகிற தறிகளை நடுவில் நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு ஊர் எல்லை வரை நடந்துபோய், பொரிமாவைத் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். பாதியில் நிறுத்திய தறியை மறுபடி ஓட்டும்போது துணியில் ஒரு கோடு விழும். அந்தக் கோடு விழுந்த துணியை விற்க மாட்டார்கள், வீட்டுக்கு வைத்துக்கொள்வார்கள்.

பழைய ஊரின் பெயரை மட்டும் வாயால் சொல்வதில்லை. "அந்த ஊரு" என்பார்கள். ஆனால் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை அந்த ஊரில்தான் இருந்தது. வாரம் தவறாமல் போயாக வேண்டும். பஸ்ஸில் ஏறினால் நடத்துநரிடம் ஊர்ப்பெயரைச் சொல்ல வேண்டுமே! அதனால் அதற்கு அடுத்த நிறுத்தமான புளியடி விலக்குக்கு டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருவார்கள். இது எல்லா நடத்துநர்களுக்கும் தெரியும்.

அந்த ஊரிலும் இதே சமுதாயத்தார் இருந்தார்கள். அதே சாமி, அதே தொழில். அவர்களோடு சாயம் உண்டு, நூல் உண்டு, சம்பந்தம் மட்டும் கிடையாது. "அங்கே தங்கியவன் வீட்டில் பெண் கொடுக்காதே, எடுக்காதே" என்பது முன்னோர் கட்டளை. ஒரு குஞ்சுகூட மிச்சமில்லாமல் கிளம்பியிருந்தால் தங்கியவன் எங்கிருந்து வந்தான் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. படம் காட்டப் போகிறவன் கேட்கிற கேள்வியா அது?

டீச்சர் போனபிறகு சுப்பையா மீதியைச் சொன்னார். கோமதியோடு வேலை பார்க்கும் முருகையா என்ற அறிவியல் ஆசிரியர் அந்த ஊர்க்காரர். இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப்போயிற்று. கோமதியின் அப்பா சங்கரலிங்கம் அண்ணாச்சி, அந்தச் சமுதாயச் சங்கத்தின் தலைவர். கட்டளையைக் காப்பாற்ற வேண்டியவரே அவர்தான். வருஷக்கணக்கில் அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தார்கள். சாப்பாடு ஆகிவிட்டது என்பதை மகள் கதவைப் பார்த்துச் சொல்வாள், தண்ணீர் வேண்டும் என்பதை அப்பா செம்பைப் பார்த்துச் சொல்வார். முருகையா வீட்டில் இனிப் பொறுக்க முடியாது, இந்த ஆவணிக்குள் வேறு பெண் பார்த்துவிடுவோம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்தபிறகும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நல்ல உவமை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

நான் பயந்ததெல்லாம் வேறு பக்கம். வேதத்துக்கு விரோதமான படம் என்று கிறிஸ்தவர்கள் தகராறு செய்யலாம் என்று நினைத்தேன். உபதேசியார் ஒருவர் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்ததும், அவருக்குச் சொல்ல வேண்டிய சமாதானங்களை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். காவல் நிலையத்திலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தோம்.

மண்டபம் அந்தச் சமுதாயச் சங்கத்தினுடையது. ஊரில் கழகத்துக்குக் கிடைத்த ஒரே மண்டபம். மத்தியானக் காட்சி என்பதால் சன்னல்களில் எல்லாம் சேலைகளைக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். வெயில் பட்ட இடமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சங்கரலிங்கம் அண்ணாச்சி நடுவில் நாற்காலியில் இருந்தார். கனத்த உடம்பு, காதில் வெள்ளை ரோமம், யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்.

மைக்கைத் திறந்தேன். "உங்கள் முன்னோர்கள் ஒரு ராஜாவால் ஊரை விட்டுக் கிளம்பினார்கள் அல்லவா? அதேபோல ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம்" என்று தொடங்கினேன். மண்டபம் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தது. முதல் ரீலில் யூதர்கள் மூட்டையோடு நடந்தபோது பெண்கள் பக்கத்தில் "அய்யோ பாவம்" என்று கேட்டது. ஒருவர் கண்ணைத் துடைத்தார். என் வாழ்க்கையில் என் விளக்கத்துக்கு யாரும் கண் கலங்கியதில்லை. ரீல் மாற்றும் இடைவெளியில் இன்னும் கொஞ்சம் தூக்கலாகவே பேசினேன். பாபிலோன் ராஜாவுக்கும் அந்த ஊர் ராஜாவுக்கும் ஒரே மீசையை வைத்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ரீல் ஓடியது. பேராசிரியர் பைப்போடு வந்தார். அவர் சொன்னதை நானும் சொன்னேன்: "எல்லோரும் போய்விடவில்லை. பெரும்பாலானவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள் என்கிறார் இவர்."

"எவன்லே சொன்னான்?"

சங்கத்தின் பொருளாளர் ஆவுடையப்பன் எழுந்து நின்றார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் கொட்டகை அளவு.

"ஏலே, படத்தை நிறுத்து! எல்லாரும் கிளம்பலைன்னு சொல்லுதானே, இவன் கூட இருந்து பாத்தானா?"

"அண்ணாச்சி, அது யூதர்களைப் பத்தி" என்றேன்.

"யாரைப் பத்தின்னு எங்களுக்குத் தெரியும்வே! இப்பத்தானே நீரே சொன்னீரு, நம்ம கதையும் அதுவும் ஒண்ணுன்னு?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் பின்வரிசையும் எழுந்துவிட்டது. யாரோ ஒருவர் சன்னல் சேலையைப் பிடித்து இழுக்க, வெயில் உள்ளே கொட்டியது. திரையில் பேராசிரியர் அழிந்து போனார். ஆனால் குரல் நிற்கவில்லை. தங்கியவர்களைப் பற்றி அவர் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தார். வெற்றுத் திரையைப் பார்த்து நாலைந்து பேர் கையை ஓங்கினார்கள்.

நான் படத்தை நிறுத்தினேன். உள்விசிறியை மட்டும் ஓடவிட்டேன். உபதேசியார் என் பக்கத்தில் வந்தார். சரி, இவரும் சேர்ந்தாயிற்று என்று நினைத்தேன்.

"இதுல என்ன தம்பி சண்டை? ஏழைகளை அங்கனயே தோட்டம் பாக்க விட்டுட்டுப் போனாங்கன்னு எங்க வேதத்துலயே இருக்கே" என்றார். "எனக்கு ஒரே வருத்தம், தேவாலயம் இருந்த எடத்துல நின்னுக்கிட்டு அந்த மனுசன் புகை பிடிக்காரு. அதை மட்டும் எழுதிப் போடுங்க." சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஆயத்தம் பண்ணி வைத்திருந்த சண்டை அத்தோடு முடிந்தது.

நடந்த சண்டையோ பெரிதாகிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் ரீலைக் கேட்டார். இன்னொருவர் மிஷினைத் தூக்கி வெளியே வை என்றார். சுப்பையா என் காதில், "சார், ஜீப்பை எடுத்துருவோம்" என்றார். எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் பல்பு கொதித்துக்கொண்டிருந்தது. "மிஷினை இப்போ தொட்டா பல்பு போயிரும், இது சர்க்கார் சொத்து" என்று உரக்கச் சொன்னேன். பேராசிரியருக்குக் கொடுக்காத மரியாதையை எல்லோரும் பல்புக்குக் கொடுத்தார்கள். விசிறி மட்டும் 'உய்'யென்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்வரை நானும் போக முடியாது, அவர்களும் என்னை விரட்ட முடியாது.

அந்த நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் வந்தார்.

"யூதர்னா எந்தத் தெரு சார்?"

"இந்த ஊரில் இல்லை."

"சுத்துப்பட்டில? சிவகிரி பக்கம்?"

"இங்கே எங்கேயும் கிடையாது."

"அப்போ யாரு மேலதான் சார் இவங்களுக்குக் கோவம்?"

எனக்குத் தெரிந்திருந்தது. அதைக் கான்ஸ்டபிளிடம் எப்படிச் சொல்வது? பெண்கள் பக்கம் பார்த்தேன். கோமதி டீச்சர் தலையைக் குனிந்து, மடியில் கையைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் அந்த உவமையை அவர் ஏன் அவ்வளவு கவனமாக என் கையில் கொடுத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. எல்லோருமே கிளம்பித்தான் வந்தோமா என்று அப்பாவிடம் தான் கேட்க முடியாத கேள்வியை ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரை விட்டுக் கேட்க வைத்திருக்கிறார். நடுவில் நான் குழாய். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தால் யாருக்கும் வந்திருக்காது.

மண்டபம் ஆறவில்லையே தவிர, வழிக்கு வந்திருந்தது. அடிதடிக்குப் பதில் தீர்மானம் போடுவது என்று ஆயிற்று. ஆவுடையப்பன் சத்தமாக வாசகம் சொல்லிப் பார்த்தார்: "பண்டைக் காலத்தில் யூத மக்கள் அனைவரும் ஒருவர்கூட மிச்சமின்றி நாடு கடத்தப்பட்டார்கள் என்று இச்சங்கம் ஏகமனதாக உறுதி செய்கிறது. இதற்கு மாறாகப் படமெடுத்தவரை வன்மையாகக் கண்டிக்கிறது." பாபிலோனில் பிடிபட்டுக் கிடந்தவர்களுக்குச் சங்கரன்கோவில் தறிக்காரர்கள் இப்படி ஆதரவாகக் கிளம்புவார்கள் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. சொன்னேன்: "தீர்மானம் போடுங்க, நான் தடுக்கலை. ஆனா தூதரகத்துக்கு அனுப்பினா, முழுப் படத்தையும் பாத்தீங்களான்னு கேப்பான். ரெண்டாவது ரீல்லயே நிறுத்திட்டோம்னா தீர்மானம் குப்பைக்குப் போயிரும். மூணாவது ரீல் இருக்கு."

சங்கரலிங்கம் அண்ணாச்சி அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், திறந்தார். "நியாயந்தானே. சேலையைக் கட்டுங்கய்யா" என்றார்.

கண்டிப்பதற்காகவே ஒரு படத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்த கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. மூன்றாவது ரீலில் உவமையே சொல்லவில்லை. படத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பாபிலோன் போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். ஊரில் ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்கள், அதே சாமியைக் கும்பிடுகிறவர்கள். வந்தவர்கள் அவர்களைத் தங்கள் ஆட்கள் என்று ஏற்கவில்லை. சம்பந்தம் கூடாது என்கிறார்கள். சம்பந்தம் பண்ணியிருந்த வீடுகளில் பெண்டாட்டி பிள்ளைகளை விலக்கச் சொல்கிறார்கள். ஒரு நடிகை இடுப்பில் குழந்தையோடு ஒரு மண்பாதையில் தனியாக நடந்து போகிறாள். அதோடு படம் முடிகிறது. ரீலின் வால் சக்கரத்தில் 'தப் தப்' என்று அடித்தது.

சங்கரலிங்கம் அண்ணாச்சிதான் கேட்டார்.

"பொறவு சேந்தாங்களாவே?"

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மைக் என் கையில். சரிபார்க்க அங்கே யாருக்கும் வழியில்லை. ஒரு பெண்ணின் கல்யாணம் அந்த ஒரு வார்த்தையில் நடந்தாலும் நடக்கும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் படத்தில் இல்லாத ஒன்றை நான் சேர்த்ததால்தான் இவ்வளவும் வந்தது. "படத்துல அது இல்ல அண்ணாச்சி. எனக்குத் தெரியாது" என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. உரக்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

"சேரலப்பா. அப்படி விலக்கின கூட்டத்துல கொஞ்சப் பேரு இன்னைக்கும் ஒரு மலையில தனியா இருக்காங்க. இத்தனை ஆயிரம் வருசமாச்சு. இன்னும் சேரல."

கதவைப் பார்த்துப் பேசியவள், அத்தனை பேர் நடுவில் அப்பாவைப் பார்த்துப் பேசினாள். நான் பொய் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு பொருளாளர் பக்கம் திரும்பினார்.

"ஆவுடையப்பா, தீர்மானத்தை எழுது. யூதரு ஒருத்தர்கூட மிச்சமில்லாமக் கிளம்பினாங்க. அதே மாதிரி நம்ம முன்னோரும் ஒருத்தர்கூட மிச்சமில்லாமக் கிளம்பினாங்க. அந்த ஊருல ஒரு ஆளும் தங்கல. எழுதிட்டியா? எல்லாருக்கும் சம்மதந்தானே?"

மண்டபமே கை தூக்கியது. கையெழுத்துகள் விழுந்தன. ஆவுடையப்பன் முகத்தில் வெற்றி. கோமதி டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"சரி" என்றார் அண்ணாச்சி. "ஒருத்தனும் தங்கலைன்னு எழுதியாச்சு. அப்போ அங்கன இப்ப இருக்கவங்க யாரு?"

ஆவுடையப்பன் யோசிக்காமல் சொன்னார்: "எவனோ வந்தேறி."

"வந்தேறியா? போன வாரம் சாயப்பட்டறைல அந்தப் பெரியவரை மாமா, மாமான்னு கூப்பிட்டியே. வந்தேறியவா மாமான்னு கூப்பிட்டே?"

சிரிப்புக் கிளம்பியது. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"அவங்க திரும்பிப் போனவங்கய்யா. நம்மகூடக் கிளம்பி வந்துட்டுப் பொறவு திரும்பிப் போனவங்க. படத்துலயே காட்டுதாம்லா, திரும்பிப் போறதை. தங்கினவன் வீட்டுலதான் சம்பந்தம் கூடாதுன்னு கட்டளை. தங்கினவனே கிடையாதுன்னு நீங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டிய. திரும்பிப் போனவனுக்குத் தடைன்னு நம்ம அப்பன் பாட்டன் யாராவது சொன்னாங்களா? கேட்டவங்க இருந்தா எந்திரிச்சுச் சொல்லுங்க."

ஒருவரும் எழவில்லை. ஆவுடையப்பனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"அண்ணாச்சி, படமே பொய்யின்னுதானே தீர்மானம்?"

"ரெண்டாவது ரீலு பொய். மூணாவது ரீலு சரி" என்றார் சங்கரலிங்கம் அண்ணாச்சி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

பல்பு ஆறிவிட்டிருந்தது. மிஷினைக் கட்டி ஜீப்பில் ஏற்றினோம்.

தீர்மானத்தைச் சுப்பையா ஒழுங்காகத் தூதரகத்துக்கு அனுப்பிவைத்தார். படத்தில் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது, கூடவே அடுத்த படங்களின் விவரமும். இப்படி ஒரு வரலாற்றுச் சர்ச்சையில் தெளிவான நிலை எடுத்த ஊர் உலகத்தில் வேறு இருக்கிறதா, எனக்குத் தெரியாது.

ஆவணியில் அதே மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் மாப்பிள்ளையின் ஊர் 'புளியடி விலக்கு அருகில்' என்று அச்சிட்டிருந்தார்கள். சன்னல்களில் அன்று சேலை கட்டவில்லை. ஆவுடையப்பன்தான் பந்தி விசாரித்தார், என் இலையில் இரண்டாம் தடவை பாயசம் ஊற்றச் சொன்னார். ஊரை விட்டுக் கிளம்பி வந்த கதையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அடுத்த ஆடியிலும் தறிகளை நிறுத்தி, எல்லைவரை நடந்து, பொரிமா தின்றார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் வந்து கூட நடந்தார்களாம், திரும்பிப் போனவர்கள் என்ற முறையில்.

நீங்கள் இளையவர்கள். பேராசிரியர் சொன்னது உண்மை என்றால் அதை அந்த மண்டபம் ஏற்றிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்கிற வயதில்தான் அங்கே நின்றேன். உண்மையைச் சொல்வது நம் வேலை, அதில் சமரசம் வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டு ஜீப்பை எடுக்கிற அவசரமும் வேண்டாம். கேட்டவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும்வரை விசிறி ஓடட்டும்.

அடுத்த வருஷம் ஒருநாள் காலை, வேறு வேலையாக அந்த வழிப் பஸ்ஸில் போனேன். சங்கரலிங்கம் அண்ணாச்சி எனக்கு முன்சீட்டில் இருந்தார். மடியில் ஒரு பெரிய ஓலைப்பெட்டி. மகளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்குக் கூட்டிவரப் போகிறேன் என்றார். சம்பந்தி வீட்டுக்கு அவர் போவது அதுதான் முதல் தடவை.

நடத்துநர் வந்தார். அண்ணாச்சி சன்னலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு, மருந்துக்கடையில் கூச்சமான மருந்து ஒன்றைக் கேட்கிறவரைப்போலத் தணிந்த குரலில், அந்த ஊரின் பெயரைச் சொன்னார்.

பஸ் இரைச்சலில் அது நடத்துநர் காதில் விழவில்லை. அவர் நல்ல மனிதர். பெரியவர் முகத்தைப் பார்த்ததுமே, கேட்டுச் சங்கடப்படுத்தாமல், எப்போதும்போலப் புளியடி விலக்குக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அண்ணாச்சி டிக்கெட்டைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். மாற்றித் தரச் சொல்லிக் கூப்பிடட்டுமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அந்த ஊர் வந்தது. நிறுத்தத்தில் கோமதி டீச்சர் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தார், பக்கத்தில் முருகையா குடையோடு. அண்ணாச்சி டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அங்கேயே இறங்கினார்.